நாற்பத்தோராவது குழி

முதலில் ஒரு தவறான கருத்தைக் களைந்துவிட வேண்டும். வடமலை ஜங்ஷனிலிருந்து முத்துக்கரைக்குப் போகும் ரயில், பதினேழாம் மைலில் அம்மனுக்கு மரியாதை செய்து சற்றே வளைந்து போகிறது என்று அந்தத் தாலுகா முழுவதும் மூன்று தலைமுறையாக நம்புகிறார்கள். கல்யாணப் பத்திரிகையில் வழி சொல்லும்போதுகூட 'ரயில் வளைவுக்கு மேற்கே' என்று அச்சடிக்கிறார்கள். இது உண்மையன்று. பதினேழாம் மைலில் ரயில் வளைவதில்லை. பன்னிரண்டாம் மைலிலிருந்து இருபத்துமூன்றாம் மைல் வரை, பதினொரு மைல் தூரத்துக்கு, அந்தப் பாதை எங்குமே வளையவில்லை. ஞானசிகாமணி சோதித்திருக்கிறார். தண்டவாளத்தின் பக்கவாட்டில் கயிற்றை இழுத்துப் பிடித்து, கயிற்றுக்கும் இரும்புக்கும் நடுவே இடைவெளி பார்த்து, முப்பத்து நான்கு வருஷ ரயில்வே சர்வீஸில் மூன்று முறை. மூன்று முறையும் ஒரு நூல் இடைவெளி இல்லை. வளைவதாகத் தோன்றுவதற்குக் காரணம், அந்த இடம் வரும்போது பெட்டியில் இருக்கும் அத்தனை பேரும் கன்னத்தில் போட்டுக்கொள்வதற்காக இடதுபக்க ஜன்னலுக்குச் சாய்வதுதான். சாய்கிறவனுக்கு உலகம் வளைவதாகத்தான் தெரியும். இதை அவர் பலருக்கும் பொறுமையாக விளக்கியிருக்கிறார். கேட்டவர்கள் எல்லோரும் 'அப்படியா சார்' என்று தலையை ஆட்டிவிட்டு, அடுத்த பயணத்திலும் சாய்ந்தார்கள்.

இன்றைக்கு அவர் அந்த இடத்துக்குத் தள்ளு டிராலியில் போய்க்கொண்டிருந்தார். தை மாதத்துக் காலை, எட்டு நாற்பது. கொற்றனேந்தல் ஸ்டேஷனில் நான்கு பேர் டிராலியைத் தூக்கித் தண்டவாளத்தில் வைத்தபோது ஸ்டேஷன் மாஸ்டர் வெளியே வந்து, "பாசஞ்சர் ஒன்பது நாற்பதுக்கு வந்துரும் சார், ஒன்பதரைக்குள்ள லைனை விட்டு இறங்கிருங்க" என்று சொல்லி, கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். பலகையில் உட்கார்ந்ததும் வலது முழங்கால் தன் வருகையைத் தெரிவித்தது. மடியில் ரெக்ஸின் பை. பைக்குள் மனைவி எஸ்தர் கட்டிக் கொடுத்த இட்லி, பழைய விதிப் புத்தகம், நூறடி டேப்பு, ஒரு படிவம். அந்தப் படிவம் ஒற்றைத் தாள்தான். ஆனால் கொற்றனேந்தலிலிருந்து பையில் அது ஒன்றுதான் இருப்பதுபோல அவருக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. முத்துக்கரையில் புதுத் துறைமுகம் வந்துவிட்டது. ஒற்றைப் பாதையை இரட்டைப் பாதையாக்குகிறார்கள். புதுப் பாதை விழும் இடத்தில் என்னென்ன இடையூறு இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்திட வேண்டியது அந்தப் பிரிவின் பொறியாளர், அதாவது ஓய்வு பெற நான்கு மாதமே பாக்கியுள்ள ஞானசிகாமணி. இருநூற்றுப் பன்னிரண்டு இடையூறுகள் எழுதியாயிற்று. பாக்கி ஒன்று. பதினேழாம் மைலின் குளத்து நடுவில் நிற்கும் மண்மேடு. படிவத்தில் மூன்று கட்டம்: அ, வழிபாட்டுத் தலம். ஆ, மண் அல்லது கல் குவியல். இ, பிற. ஆ என்று எழுதினால் திங்கட்கிழமை மண் அள்ளும் இயந்திரம் வந்துவிடும். அ என்று எழுதினால் தாசில்தார் வருவார், பேச்சுவார்த்தை நடக்கும், ஒன்பது மாதம் கழித்து ரோட்டோரம் டைல்ஸ் ஒட்டிய சின்னக் கோயில் ஒன்று கட்டிக் கொடுத்துவிட்டு, அப்புறம் அதே இயந்திரம் வரும். இ என்ற கட்டத்தை இருநூற்றுப் பன்னிரண்டு தடவையில் ஒருதரம்கூட அவர் தொட்டதில்லை. பிற என்பது சோம்பேறிகளின் கட்டம் என்பது அவர் கொள்கை.

"என்னடா அருளப்பா, இன்னைக்கு இப்பிடி மூச்சு வாங்குற?" என்றான் பின்னால் ஒருவன். "சார் பையில விதிப் புஸ்தகம் இருக்குல்ல, அதுதான் கனம்" என்றான் அருளப்பன். ஓட்டத்தை நிறுத்தாமல் தண்டவாளத்தின் மேல் கால் வைத்து, ஒரு கையால் டிராலியைத் தள்ளிக்கொண்டே பேசினான். தண்டவாளத்தின் தலை மூன்று விரல் அகலம். அதில் கீழே பார்க்காமல் ஓடுகிறவனைப் பார்க்கும்போதெல்லாம் ஞானசிகாமணிக்கு முதல் நாள்போலவே வாய் திறக்கும். திறந்த வாயை மூட, ஏதாவது ஒரு திருத்தம் சொல்வார். "கனம் இல்ல, எடை" என்றார் இப்போதும். "ஆமா சார், எடை. எடைதான் கனக்குது" என்றான் அருளப்பன். மற்ற இருவரும் சிரித்தார்கள். நான்காமவன் சிரிக்கவில்லை. நான்காமவன் சேவுகன். தலைமை டிராலிக்காரன், பதினாறு வருஷமாக அவரோடு ஓடுகிறவன், பதினேழாம் மைல்காரன். ஊருக்கே பதினேழு என்றுதான் பெயர். கிலோமீட்டர் வந்து அறுபது வருஷமாகியும் ஊர் தன்னை இருபத்தேழே கால் என்று மாற்றிக்கொள்ளவில்லை. சேவுகன் இன்று காலையிலிருந்து பேசவில்லை. மௌனமும் ஒரு பேச்சுத்தான் என்று எஸ்தர் சொல்வாள். தர்க்கப்படி அது தவறு என்று அவர் சொல்லியிருக்கிறார். "சேவுகா, நீ ஏதாச்சும் சொல்லணுமா?" என்று திரும்பாமலே கேட்டார். "நான் என்னத்த சார் சொல்ல? நீங்க எழுதுறதுதான் நடக்கும்." அவ்வளவுதான். அதற்குப் பின் சக்கரம் தண்டவாள இணைப்பில் ஏறி இறங்கும் சத்தம் மட்டும்.

பன்னிரண்டாம் மைலின் கடைசித் திருப்பம் கொற்றனேந்தலுக்கு முன்பே முடிந்துவிட்டபடியால், கண்ணுக்கு எட்டியமட்டும் இரண்டு இரும்புக் கோடுகள் ஒன்றாகிப் போகும் இடம் வரை வேறெதுவும் இல்லை. அவர் மனம் வழக்கம்போலக் கூடை எண்ணத் தொடங்கியது. கரையின் உயரம் சராசரி ஆறடி, மேல் அகலம் பதினாறடி, இரண்டு பக்கமும் சரிவு, ஒரு மைலுக்கு இவ்வளவு கன அடி, கூடைக்கு அரைக் கன அடி, ஆக இந்தப் பதினொரு மைல் நேர்கோட்டுக்கு ஏறக்குறைய ஒரு கோடியே தொண்ணூற்றைந்து லட்சம் கூடை. இந்த எண்ணை அவர் முதலில் கணக்கிட்டது இருபத்தாறாம் வயதில், இதே கரையில், வெயிலில், ஒரு சிகரெட் பெட்டியின் உள்பக்கத்தில். கணக்குப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது கரை வேறு மாதிரி இருந்தது. அதுவரை அது கரை. அதற்குப் பிறகு அது ஒரு கோடியே தொண்ணூற்றைந்து லட்சம் தடவை ஒரு தலையிலிருந்து கீழே கவிழ்ந்த கூடை. பெரும்பாலும் பெண்களின் தலை. அவர்கள் ஒருவருக்கும் கோடு நேராக இருக்கிறதா என்பது தெரிந்திருக்காது, அவர்களுக்குத் தெரிந்தது எதிரே கொட்டுகிறவளின் முதுகு. பனை உச்சியில் வெள்ளைத் துணியைக் கட்டி, தொலைநோக்கிக் கண்ணாடியில் அதைப் பார்த்து, பதினொரு மைலுக்கு ஒருவன் கோடு இழுத்தான் என்பது பெருமைதான். ஆனால் கண்ணாடி வழியாக இழுக்கும் கோட்டுக்கு எடை கிடையாது. முழங்கால் மறுபடி சொடுக்கியது. இணைப்பு, சத்தம், இணைப்பு. அ, ஆ, இ.

இடதுபக்கம் குழிகள் வரத் தொடங்கின. இதுவும் பலருக்குத் தெரியாத சங்கதி: கரை போட மண் வானத்திலிருந்து வரவில்லை. பக்கத்திலேயே வெட்டினார்கள். வெட்டிய இடமெல்லாம் பள்ளம், பள்ளமெல்லாம் மழைக்கு நிறைந்து குளம். ஆற்றுத் தண்ணீர் எட்டாத அந்தப் பொட்டலில், ரயில்காரன் திரும்பிப் பார்க்காமல் விட்டுப்போன பள்ளங்களைச் சுற்றி ஊர்கள் ஊறின. அல்லிக்குழி, எருமைக்குழி, பள்ளிக்கூடக்குழி. தாலுகா வரைபடத்தில் பாதையோரம் முப்பத்தெட்டுக் குடியிருப்பு, முப்பத்தெட்டும் ஒவ்வொரு குழியின் மேட்டில். ரயில் ஊர்களை இணைத்தது என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் போட்டிருக்கிறது. இணைக்க இங்கே ஊர் இருந்தால்தானே. இருந்த ஒரே பெரிய ஊர் பனையடியேந்தல், அது ரயிலை வேண்டாம் என்று மனுப் போட்டது. எஞ்சின் புகை பட்டால் பதநீர் புளித்துவிடும் என்பது காரணம். மனுவின் நகலை அவர் பார்த்திருக்கிறார், முப்பத்தியொரு கைநாட்டு. ஸ்டேஷன் மூன்று மைல் தள்ளிப் போயிற்று, நூற்றிருபது வருஷமாகப் பனையடியேந்தல் அந்த மூன்று மைலை நடக்கிறது. ரயில் வருமுன்பு பெண் கொடுப்பதும் எடுப்பதும் ஒரு பொழுது நடைக்குள். வந்த பிறகு ஸ்டேஷன் உள்ள ஊர் ஸ்டேஷன் உள்ள ஊரோடுதான் சம்பந்தம் பேசியது. உப்பூரணி உப்பளத்துப் பெண்கள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வாழப் போனார்கள். பத்து மைலுக்கு ஒரு பேச்சுப் பேசிய நாட்டில், இப்போது பாதை நெடுக ஒரே மாதிரி 'ஏளா' என்கிறார்கள். பிள்ளை பிறந்த நேரம் கேட்டால் 'மிக்ஸ்டு போன பெறகு, பாசஞ்சர் வருமுன்ன' என்பார்கள், மிக்ஸ்டு என்றால் சரக்கும் ஆளும் சேர்ந்து ஏறும் வண்டி. ஜோசியர் அதை வைத்துக் கட்டம் போட்டார். வண்டி தாமதமாக வந்த நாட்களில் பிறந்தவர்களின் ஜாதகம் என்ன ஆயிற்று என்று அவர் ஒருமுறை ஜோசியரிடம் கேட்கப் போய், எஸ்தர் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். இவ்வளவும் செய்த பாதையில், பதினேழில் மட்டும் ரயில் நிற்பதில்லை. நின்றதே இல்லை. ரயிலுக்குப் பிறந்த ஊர், பெற்றவள் தினமும் வாசல் வழியாக நான்கு தரம் போகிறாள், திரும்பிப் பார்ப்பதில்லை.

உப்பூரணி என்று நினைத்திருக்கக் கூடாது. நினைத்தால் கல் வரும். வந்துவிட்டது. பத்து வருஷத்துக்கு முன்பு, பாதையை அகலப்படுத்தியபோது, உப்பூரணியில் இதே மாதிரி ஒரு படிவம். உப்பளக் கரைமேல் வரிசையாகச் சின்னச் சின்னக் கல் குவியல்கள், குவியலுக்கு ஐந்தாறு கல், மொத்தம் பத்தொன்பது. அவர் எண்ணினார், அளந்தார், 'கல் குவியல், பத்தொன்பது' என்று எழுதினார். அதில் ஒரு எழுத்துத் தவறில்லை. அள்ளியாயிற்று. மறுநாள் ஒருவர் வந்து அந்த இடத்தில் நின்றார். வெளுத்த நீலச் சட்டை, கையில் ஒரு தூக்குவாளி. அடுத்த நாளும் வந்தார். ஏழாம் நாள் ஞானசிகாமணியின் பக்கத்தில் வந்து, சண்டைக்கு வருகிற குரலில் இல்லை, வழி கேட்கிற குரலில், "சார், அந்தக் கல்லையெல்லாம் எங்க கொண்டு போட்டீங்க?" என்று கேட்டார். பச்சைப் பிள்ளைகளைப் புதைத்த இடமாம் அது. பெயர் வைக்குமுன் போன பிள்ளைகள், அதனால் கல்லில் பெயர் கிடையாது. ஏதோ ஒரு பாலத்துக்கு அடியில், கரைச் சரிவில் பதிப்பதற்காக லாரியில் போயிருந்தது. எந்தப் பாலம் என்று எழுதி வைக்கச் சொல்லி விதி இல்லை. "தெரியலையே ஐயா" என்றார் அவர், சர்வீஸில் முதன்முறையாக. அந்த மனிதர் "சரி சார்" என்று தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போனார். அன்றிரவு எஸ்தர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்க எழுதுனது சரிதான். சரியா இருந்து என்னங்க ஆச்சு?" என்றாள். இது கேள்வியா இல்லையா என்று அவர் இன்றுவரை முடிவு செய்யவில்லை. டிராலி போகும்போது ஒவ்வொரு பாலத்திலும் அவர் கண் சரிவுக் கற்களுக்குப் போகிறது. இந்தக் கல்லா. அந்தக் கல்லா. கல்லைப் பார்த்தால் கல்லாகத்தான் இருக்கிறது.

ஆகவே, சரியாக எழுத வேண்டும். சரியாக என்றால் சரியாக. மேடு கோயில் இல்லை. அது என்ன என்று தெரிந்தவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான், அவர் இப்போது டிராலிக் குடைக்கு அடியில் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். பதினோரு வருஷத்துக்கு முன் கோட்ட அலுவலகத்தில் பழைய ஆவணங்களைக் கழிவுக்கு அனுப்பிய நாளில், சாக்கு மூட்டையிலிருந்து ஒரு புத்தகம் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. மண்வேலை அளவுப் புத்தகம், ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது. குழி வெட்டுகிறவர்கள் நடுவில் ஒரு மண்தூணை வெட்டாமல் விட்டு வைப்பார்கள். அதன் தலைதான் பழைய தரை, அடிதான் வெட்டிய ஆழம். அளவு எடுக்கிறவர் வந்து அந்தத் தூணில் டேப்பைத் தொங்கவிட்டு ஆழத்தைப் பதிந்துகொள்வார். பதிந்த பிறகு தூணையும் வெட்டி எடுத்துவிடுவார்கள். அந்தத் தூணுக்குச் சாட்சி என்று பெயர். பதினேழாம் மைலில் முதல் குழி முதல் நாற்பதாவது குழி வரை நீளம், அகலம், ஆழம், கையெழுத்து. நாற்பத்தோராவது குழிக்கு நீளம் இருந்தது, அகலம் இருந்தது. ஆழம் என்ற கட்டம் காலி. ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னால் மூன்று சொல்: பேதி. கூலியாட்கள் இல்லை. குளத்து நடுவில் நிற்பது அந்தச் சாட்சி. வெட்டியவர்கள் காலராவில் போனார்கள், அளக்க வேண்டியவன் வரவே இல்லை, அதனால் அது நிற்கிறது. அதன் தலையில் இருக்கும் ஒரு சாண் மண், ரயில் வருவதற்கு முன்பிருந்த பூமி. அந்தத் தாலுகாவிலேயே மண்வெட்டி படாத பழைய தரை அது ஒன்றுதான், நாலு விரல் புல்லோடு, ஆகாயத்தில் தூக்கி வைத்ததுபோல. ஊர்க்காரர்கள் அதை அம்மன் என்கிறார்கள். ஆடி மாதம் ஆளுக்கொரு பிடி மண் எடுத்து, ஒரு கூடையாக்கி, அதன் தலையில் வைக்கிறார்கள். அதை அளக்கக் கூடாது என்பது கட்டு. பக்கத்தில் போய் நின்று உயரம் பார்க்கும் பிள்ளைக்கு முதுகில் அறை. போன மாதம் ஒப்பந்தக்காரரின் ஆள் லேசர் கருவியை முக்காலியில் வைத்ததும், முக்காலி தண்ணீருக்குள் போயிற்று. இந்தக் கூடை விஷயம் அவருக்கு உள்ளூரச் சிரிப்பூட்டும். சாட்சியின் தலையில் ரகசியமாக ஒரு கூடை மண் போட்டால் குழி ஆழமாகத் தெரியும், கூலி கூடும் என்பது மண்வேலை தோன்றிய காலம்தொட்டு உள்ள தந்திரம். அந்தத் தந்திரம் ஏன் என்பது மறந்து, பக்தியாகி, ஆடிக்கு ஆடி நடக்கிறது! இன்று இதையெல்லாம் அவர்களுக்கு விளக்கிவிட வேண்டும் என்றும் ஒரு எண்ணம். விளக்கினால் ஏற்பார்கள், ஏற்றால் மனதார விட்டுக்கொடுப்பார்கள், விட்டுக்கொடுத்தால் ஆ என்று எழுதலாம். நூல் பிடித்த மாதிரி நேரான தர்க்கம். ஆனால் வெளுத்த நீலச் சட்டை ஒன்று அந்த நேர்கோட்டின் கோடியில், இரண்டு தண்டவாளமும் ஒன்றாகும் இடத்தில், தூக்குவாளியோடு நின்றுகொண்டிருந்தது. டிராலி எவ்வளவு ஓடியும் அந்த இடம் கிட்டே வரவில்லை.

"பதினேழு சார்" என்றான் சேவுகன். மணி ஒன்பது பதினைந்து. டிராலியைத் தூக்கி லைனுக்கு வெளியே வைத்தார்கள். கரையின் கீழே நீளமான குளம், பாதி அல்லி. நடுவில், இரண்டு ஆள் கட்டிப்பிடிக்கும் பருமனில், சுக்கான் மண்ணின் வெளுத்த சிவப்பில், அது நின்றது. இடுப்பில் மஞ்சள் துணி. தலையில் புல். ஜன்னலிலிருந்து பார்த்தபோது இவ்வளவு பெரிதாக இருந்ததில்லை. ஜன்னலில் அது ஒரு கண் சிமிட்டும் நேரம். இங்கே அது நகரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் அது போதுமானதாக இருந்தது. கரையோரம் இருபது பேர்போலப் பெண்கள். அவர்களுக்கு முன்னால் ராக்கு, நாற்பத்தைந்து வயது, நூறு நாள் வேலையின் பொறுப்பாளர், வார்டு உறுப்பினர், முக்காலி எறிந்த வழக்கில் முதல் பெயர். தோளில் ஒரு துண்டு, கையில் வருகைப் பதிவேடு. "வாங்க சார்" என்றாள். அவர் குனிந்து செருப்பைக் கழற்றப் போனார். கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவர்தான், ஆனால் மரியாதை மரியாதை. "போட்டுக்கிட்டே வாங்க, நெருஞ்சி கெடக்கு." "அம்மனுக்கு..." "அம்மனா? அது பாசஞ்சர்ல போறவுகளுக்கு சார்" என்றாள் ராக்கு. பின்னால் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

ஞானசிகாமணி நிமிர்ந்தார். விளக்கவுரை அவர் வாயில் தயாராக இருந்தது, முன்னுரையோடு. "அம்மா, நீங்க இதை என்னன்னு நினைக்கிறீங்களோ எனக்குத் தெரியாது. ஆனா சரித்திரப்படி..." "சாட்சி சார்" என்றாள் ராக்கு. "வெட்டுன குழிக்குச் சாட்சி. நாங்களும் மண்ணு வெட்டுறவுகதானே, எங்களுக்குத் தெரியாதா? போன வாரம் கம்மாயில வெட்டுனோம், அங்கயும் நாலு சாட்சி விட்டுருக்கு, ஓவர்சியர் இன்னும் வரல." அவர் வாய் திறந்தபடி இருந்தது. இந்த முறை அதை மூடத் திருத்தம் ஒன்றும் கிடைக்கவில்லை. "அப்ப, மஞ்சத் துணி?" "மண்ணுன்னா உங்க ரயில்வேக்காரங்க மிதிப்பாக. துணி கட்டுனா ஒதுங்குவாக. எங்க மாமியாரோட மாமியா காலத்துல கட்டுனது. பெறகு கட்டுன துணிய நாங்களே கும்புட ஆரம்பிச்சுட்டோம், அது வேற கதை." "ஆடிக்கு ஒரு கூடை மண்ணு போடுறீங்களே, அது, அந்தக் காலத்துல அளவைக் கூட்டிக் காட்டுறதுக்கு..." கேட்கும்போதே தன் குரல் அவருக்குப் பிடிக்கவில்லை. ராக்குவின் முகம் ஒரு கணம் இறுகி, பிறகு இளகியது. "ஏமாத்துறதுக்கா? மழை கரைக்குது சார். வருஷத்துக்கு ஒரு கூடை மண்ணைக் கரைக்குது. போடலேன்னா இந்நேரம் தண்ணிக்குள்ள போயிருக்கும். அளக்க வர்றவன் வந்து பாக்குறப்ப குறைஞ்சு நின்னா வெட்டுனவுகளுக்கு அவமானமில்லையா?" கொஞ்சம் நிறுத்தி, "ஒரு பிடி கூடவும் விழுந்துருக்கும், இல்லேங்கல" என்றாள். சிரிப்பு கரை முழுவதும் போய்த் திரும்பியது. அருளப்பனும் சிரித்தான். சேவுகன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர் கணக்குப் போடவில்லை, கணக்கு தானாகவே நடந்தது. நூற்றிருபத்துச் சொச்சம் ஆடி. நூற்றிருபத்துச் சொச்சம் கூடை. அப்படியானால் மேலே இருக்கும் அந்தப் பழைய பூமி, ரயிலுக்கு முந்திய அந்த நாலு விரல் புல், அதெல்லாம் எப்போதோ கரைந்து போயிற்று. பதினோரு வருஷமாக அவர் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த அதிசயம் தவறு. முழுத் தவறு. அங்கே நிற்பது பழைய மண் இல்லை, கையால் வைத்து வைத்து, கரையக் கரைய வைத்து, நிற்க வைத்த உயரம் மட்டும். ஒரு கோடியே தொண்ணூற்றைந்து லட்சம் கூடை சேர்ந்து ஒரு கரையானது. இந்த நூற்றிருபது கூடை சேர்ந்து ஒன்றும் ஆகவில்லை, ஓர் அங்குலம்கூட உயரவில்லை, இருந்தது இருந்தபடி இருக்கிறது. பதினொரு மைல் நேர்கோடு அதற்கு முன்னால் சின்ன வேலையாகத் தெரிந்தது. சாய்ந்துவிடுவோமோ என்று டிராலிக் குடையின் கம்பைப் பிடித்துக்கொண்டார். யாருக்காக. பேர் தெரியாத ஆட்களுக்காக, வராத ஒருவன் வந்தால் காட்டுவதற்காக. வந்தால் என்ன, வந்தாயிற்றே, ரயில்வே ஆள், பையில் டேப்போடு. இந்த எண்ணம் வந்ததும் கை தானாகப் பைக்குள் போயிற்று. டேப்பின் பித்தளைப் பூண் குளிர்ச்சியாக விரலில் பட்டது. வெளியே எடுத்தார்.

"அளக்கப் போறீங்களா சார்?" என்று கேட்டது ராக்கு அல்ல, சேவுகன். பதினாறு வருஷத்தில் அவர் கேட்டிராத குரல். ராக்கு சொன்னாள்: "அளக்கலாம் சார், யாரும் தடுக்க மாட்டோம். அளக்கத்தானே நிக்குது. அளந்துட்டா பெறகு வெட்டி எடுத்துறலாம், அதுதான மொறை. அளக்காத சாட்சியைத்தான் தொடக் கூடாது." தடுக்க மாட்டோம் என்றவளின் கையில் பதிவேட்டின் அட்டை வளைந்திருந்தது. கயிறு பிடித்துப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாத வளைவு. முக்காலியை ஏன் எறிந்தார்கள் என்பது அவருக்கு இப்போதுதான் புரிந்தது. அ இல்லை. ஆ இல்லை. அளக்காத சாட்சியைத் தொடக் கூடாது. இதை எங்கோ படித்திருக்கிறேன். படித்திருக்கிறேன் என்றால் எங்கே, எந்தப் பக்கம். டிராலிப் பலகையில் உட்கார்ந்து, டேப்பைத் தொடையில் வைத்துவிட்டுப் பழைய விதிப் புத்தகத்தை எடுத்தார். பக்கங்கள் அப்பளம்போல் நொறுங்கின. மண்வேலை, நாலாம் அத்தியாயம், உட்பிரிவு பதினாறு. அளவு பதியப்படாத சாட்சியை எவரும், எக்காரணம் கொண்டும், கலைக்கலாகாது. இரண்டாவது முறை படித்தார். பின்பக்கத்தில் ரத்துச் செய்யப்பட்ட விதிகளின் பட்டியலை மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டு போனார். மூன்று, ஒன்பது, பதினொன்று, பத்தொன்பது. பதினாறு இல்லை. ரத்துச் செய்ய யாருக்கும் ஞாபகம் வரவில்லை. முப்பத்து நான்கு வருஷமாக அவர் சுமந்து, எஸ்தரும் அருளப்பனும் கேலி செய்த எடை இது.

"சார், ஒன்பது முப்பத்தியாறு" என்றான் அருளப்பன். "பாசஞ்சர் வரட்டும்" என்றார் ஞானசிகாமணி. டேப்பைப் பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்தார். கரையில் யாரோ மூச்சு விட்டது கேட்டது. படிவத்தை விதிப் புத்தகத்தின் மேல் வைத்து, பேனாவைத் திறந்து, இ என்ற கட்டத்தில், எழுத்துக்கு எழுத்து நிறுத்தி எழுதினார்: மண்வேலைச் சாட்சி, குழி எண் நாற்பத்தொன்று. ஆழம் இதுவரை பதியப்படவில்லை. பார்க்க விதி நான்கு, பதினாறு. உரிய அளவு அதிகாரி, உரிய ஒப்பந்த ஆவணத்துடன் வந்து அளக்கும் வரை அகற்றலாகாது. அந்த ஒப்பந்த ஆவணம் பதினோரு வருஷத்துக்கு முன் சாக்கு மூட்டையில் கழிவுக்குப் போயிற்று என்பதை எழுதவில்லை. அதற்கென்று கட்டம் இல்லை. கையெழுத்துப் போட்டார். "என்ன சார் எழுதுனீங்க?" என்றாள் ராக்கு. "நீங்க சொன்னதைத்தான்" என்றார். சேவுகன் வந்து, அவர் மடியிலிருந்த விதிப் புத்தகத்தை வாங்கி, உதிர்ந்த காகிதத் துணுக்குகளை ஊதிவிட்டு, பையில் வைத்தான். தண்டவாளம் முதலில் லேசாகப் பாடியது, பிறகு கரை அதிர்ந்தது. பாசஞ்சர் வந்தது. எட்டுப் பெட்டி. ஜன்னல் ஜன்னலாக முகங்கள் இந்தப் பக்கம் சாய்ந்தன, கன்னங்களில் கைகள் தட்டின. கரையில் நின்று பார்க்கும்போது, அந்த ஒருமுறை, ரயில் வளைந்ததா என்று அவர் பார்க்கவில்லை. அவரும் அவர்கள் பார்த்த அதே திசையில், குளத்து நடுவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரட்டைப் பாதை மறு வருஷம் திறக்கப்பட்டது. இருபத்தேழாவது கிலோமீட்டருக்குப் பிறகு புதுப் பாதை பழையதை விட்டு விலகி, குளத்தை வெளிப்புறமாகச் சுற்றிக்கொண்டு, முந்நூறு மீட்டர் தாண்டி மறுபடி வந்து சேர்கிறது. முத்துக்கரை செல்லும் வண்டிகளுக்கு அட்டவணையில் ஒரு நிமிஷம் கூட்டியிருக்கிறார்கள்.